இரண்டு பெண்களும் மூன்று இரவுகளும்

வீட்டை விட்டு வெளியூர் போகும்போது ஆண்கள் பணத்தை எண்ணிப் பார்ப்பார்கள். பெண்கள் முதலில் கேட்பது, "எங்கே படுப்பது? எங்கே கழிப்பறை இருக்கும்?" என்பதைத்தான். 2018 ஆவணிப் பாடசாலை விடுமுறையில் நானும் என் தோழியும் யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை வழியாக மட்டக்களப்புக்குப் போனபோது எங்கள் பேச்சும் அப்படியே இருந்தது. தோழியின் கணவர் 2009இல் காணாமல் போனவர். அதன்பின் அலுவலகங்களுக்கு அலைந்ததைத் தவிர அவள் வேறெங்கும் போனதில்லை.

பரந்தனில் திரும்பிப் புதுக்குடியிருப்பு தாண்டும்வரை, கொண்டுவந்த பிட்டையும் இடிச்ச சம்பலையும் சாப்பிட்டபடி கதைத்துக்கொண்டு வந்தாள். வட்டுவாகல் பாலம் வந்ததும் பேச்சு நின்றது. 2009 மே நடுப்பகுதியில் பல்லாயிரம் பேர் அந்த ஒடுங்கிய பாலத்தால் நடந்துதான் வெளியே வந்தார்கள். அவளும் மகனைத் தூக்கிக்கொண்டு அதால் வந்தவள். பஸ் கடக்க இரண்டு நிமிடமும் ஆகவில்லை.

அன்றிரவு முல்லைத்தீவில் ஓர் அக்காவின் வீட்டில் தங்கினோம். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர், முன் அறையை வாடகைக்கு விடுகிறார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது, கிணற்றடிக்கு மறைப்பும் இருந்தது. இராச்சாப்பாட்டுக்குச் சோறும் இறால் குழம்பும் வைத்தார். இறால் எங்கே பிடித்தது என்று தோழி கேட்டாள்.

"நந்திக்கடல், பிள்ளை."

"எனக்குச் சொதி போதும், அக்கா."

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. எழும்பிப் போய் ஒரு முட்டையைப் பொரித்துக்கொண்டு வந்து கோப்பையில் வைத்தார். "நானும் மூண்டு வருசம் வாயில வைக்கேல்லை. பிறகு பிள்ளையளுக்குக் குடுக்க வேற ஒண்டும் இருக்கேல்லை," என்றார். இருவரும் பன்னிரண்டு மணி வரை கதைத்தார்கள். நான் நித்திரை போலக் கிடந்தேன்.

மறுநாள் வவுனியாவில் அம்மாச்சி உணவகத்தில் இறங்கினோம். மாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கிய இந்த உணவகங்களில் பெண்களே எங்கள் கண்முன்னால் சமைத்து விற்கிறார்கள். குரக்கன் பிட்டு, உழுந்து வடை, சுடச்சுட அப்பம். பெண் தனியே உட்கார்ந்து சாப்பிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் அது. வீதியோரச் சாப்பாட்டுக் கடைகளில் எத்தனை அப்படி இருக்கின்றன?

ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை சேர மாலையாகிவிட்டது. முதல் விடுதியில் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தவர், "கூட ஆம்பிளை ஒருத்தரும் வரேல்லையோ?" என்றார். இல்லை என்றோம். அறையும் இல்லை என்றார். பொதுவெளி பற்றி பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன், அதன் வாசலில் இப்படி ஒரு மேசை இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டாவது விடுதியில் கணக்கெழுதியவர் ஒரு பெண். கேள்வி இல்லாமல் திறப்பைத் தந்தார். இப்போது வெளியூர் போகும் சகோதரிகளுக்கு நான் சொல்வது, பகலிலேயே தொலைபேசி எடுத்து, அங்கே பெண்கள் வேலை செய்கிறார்களா என்று கேளுங்கள். இருட்டிய பின் அறை தேடினால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

மூன்றாம் நாள் கிண்ணியாப் பாலத்தால் போனோம். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் பாதைக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். மூதூர், வெருகல், வாகரை எல்லாம் யன்னலால் பார்த்ததுதான். வாகரையில் குடித்த பிளேன்ரீயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சீனி மட்டும் தாராளம்.

மட்டக்களப்பில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். அங்கே எருமைத் தயிரைச் சோற்றோடு பிசைந்து, ஒரு வாழைப்பழமும் சேர்த்துத் தந்தார்கள். தோழி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள். அவளோடு பத்து வருடம் பழகியும் அவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும்போது மகனுக்கென்று ஒரு சட்டித் தயிர் வாங்கினாள். யாழ்ப்பாணம் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள். நடத்துனர் மேலே வைக்கச் சொல்லியும் கொடுக்கவில்லை. வீடு சேர அது நன்றாகப் புளித்துவிட்டது. அடுத்த நாள் மோர்க்குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினாள்.