மணல்மேட்டு முகாமில் ஒரு கோதுமை விவசாயி

நிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்ட விவசாயி அதற்குப் பிறகு என்ன செய்வது? "குத்தகைக்கு விட்டுவிட்டேன், ஆனால் சும்மா உட்கார முடியவில்லை" என்று என் அலுவலகத்துக்கு வந்து சொல்பவர்கள் பலர். கோழி வளர்க்கலாம், நாற்றங்கால் போடலாம் என்று யோசனை சொல்லி அனுப்புவேன். அவர்கள் கேட்க வந்தது அதுவல்ல என்று அவர்கள் முகமே சொல்லும். எனக்கும் ஓய்வு நெருங்குவதால் இந்தக் கேள்வி இப்போது என்னுடையதும்தான்.

கடந்த ஜூலையில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மகள் வீட்டில் இருந்தபோது, கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் போனோம். பழைய ராணுவக் கோட்டை. 1906-ல் தரைதட்டிய 'பீட்டர் ஐரடேல்' என்ற கப்பலின் இரும்புக்கூடு இன்னும் கடற்கரையில் நிற்கிறது. நூற்றுக்கணக்கான கூடாரங்களும் கேரவன் வண்டிகளும் தங்கும் பெரிய முகாம் அது. நுழைந்ததும் ஒரு வண்டியின் முன்னால் 'கேம்ப் ஹோஸ்ட்' என்று பலகை. அந்த வண்டியில் இருந்த பெரியவரும் அவர் மனைவியும்தான் அந்தப் பகுதிக்குப் பொறுப்பு.

சம்பளம் கிடையாது. வாரத்துக்குச் சுமார் 20 மணி நேர வேலைக்கு ஈடாக வண்டி நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு. குறைந்தது ஒரு மாதமாவது தங்க வேண்டும். அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ளுவது, விறகுக்கட்டு விற்பது, புதிதாக வருபவர்களுக்கு வழிகாட்டுவது, இரவு 10 மணிக்கு மேல் சத்தம் போடுபவர்களிடம் இதமாகச் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. மிரட்டவோ அபராதம் போடவோ அதிகாரமில்லை. பேச்சு எடுபடாவிட்டால் ரேஞ்சரைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். (நம்மைப் போல் சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. கடிதம் எழுதிக் கேட்க வேண்டாம்!)

நான் வேளாண்மைத் துறை என்றதும் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் அதே மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் மானாவாரிக் கோதுமை விவசாயி. அங்கே ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் அளவே மழை. ஓர் ஆண்டு விதைத்தால் மறு ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டு ஈரம் சேர்க்க வேண்டும். நிலத்தை இப்போது அண்ணன் மகன் பார்க்கிறார். பக்கத்திலேயே இருந்தால் அவன் செய்வதில் எல்லாம் வாய் வைப்பேன், அதனால்தான் கிளம்பி வந்தேன் என்று சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. மூன்று தலைமுறை மண்ணை விட்டு வந்த முதல் வாரம் இவர் இரவெல்லாம் தூங்கவில்லை என்றார்.

குடியேறுவது லேசாக இருக்கவில்லை. மணல் தரையில் வண்டியைச் சமமாக நிறுத்தவே சக்கரத்தடியில் கட்டைகளை மாற்றி மாற்றி வைத்து அரைநாள் போனது. இந்தப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழை. கோடையிலும் காலையில் மூடுபனி. துவைத்த துணி காயாது, உப்புக் காற்றில் கதவுக் கீல் துருப்பிடிக்கும். அந்த அம்மா தொட்டியில் தக்காளி வைத்திருந்தார். ஜூலையிலும் குளிர்வதால் பச்சைக் காயாகவே நின்றது. பக்கத்துத் தொட்டியில் லெட்டூஸ் கீரை செழிப்பாக இருந்தது. பூங்கா மண்ணில் அவர்கள் எதையும் நடக்கூடாது. பரந்த நிலத்தை உழுதவருக்கு இப்போது நான்கு தொட்டிகள்.

முகாமுக்கு வெளியே மணல்மேடு முழுக்க ஒரே வகைப் புல். 1885-ல் ஆற்று முகத்துவாரத்தில் கல்சுவர் கட்டத் தொடங்கிய பிறகு மணல் குவிந்தது. மாடுகள் அளவுக்கு மீறி மேய்ந்ததால் பழைய மேடுகளும் பெயர்ந்து வயல்களுக்குள் பறந்தன. 1930-களில் மண்வளப் பாதுகாப்புத் துறையினர் ஐரோப்பிய மணற்புல்லை நட்டு மணலைக் கட்டினார்கள். கூடவே மஞ்சள் பூ பூக்கும் 'ஸ்காட்ச் புரூம்' என்ற பயறுவகைப் புதரும் வந்தது. மணல் நின்றது உண்மை. ஆனால் புதர் களையாகிவிட்டது. வெறும் மணலில் முட்டையிடும் உப்புக்கொத்திப் பறவைகளுக்குப் புல்லால் இடம் குறைந்தது. நம்மூர் சீமைக்கருவேலத்தின் கதையை அவரிடம் சொன்னேன். ரேஞ்சரிடம் அனுமதி வாங்கி ஓய்வு நேரத்தில் புதர் பிடுங்குகிறாராம். கை அரிக்கிறது என்றார். விவசாயிக்கு மட்டும் புரியும் அரிப்பு அது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் காரில் வீட்டு விறகோடு வந்து இறங்கியது. அங்கே ஆஷ் மரத்தின் பட்டைக்குள் குடைந்து மரத்தையே சாகடிக்கும் மரகத நிற வண்டு ஒன்று உண்டு. 2002-ல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது, 2022-ல் ஓரிகனிலும் தென்பட்டுவிட்டது. வெகுதூரம் பரவுவது பெரும்பாலும் விறகின் வழியே. மரவள்ளிக் கரணையோடு மாவுப்பூச்சி ஊர் ஊராகப் போனதைப் பார்த்த சேலம், நாமக்கல் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியவர் விதியைப் படித்துக் காட்டவில்லை. ஒரு கட்டையை எடுத்துப் பட்டையை உரித்து, உள்ளே புழு எப்படிக் குடையும் என்று அந்தக் குழந்தைகளுக்கு விரலால் கோடு போட்டுக் காட்டினார். பிறகு உள்ளூர் விறகுக் கட்டு ஒன்றைக் கொடுத்து, அவர்கள் விறகை இன்றிரவே ஒன்றுவிடாமல் எரித்துவிடச் சொன்னார். தகப்பனார் தலையாட்டினார். முப்பது ஆண்டுகளாக நானும் இதைத்தான் செய்கிறேன். துண்டறிக்கை கொடுத்து எடுபடாததை வயலில் இலையைத் திருப்பிக் காட்டிச் சாதித்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

அடுத்து இரண்டு இளைஞர்கள் மட்டி தோண்ட மண்வெட்டியோடு வந்தார்கள். அந்தக் கடற்கரையில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரை ரேஸர் மட்டி எடுக்கத் தடை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை இருப்பதுபோல் குஞ்சு பிழைக்க விடும் காலம். தடை இல்லாத நாளிலும் உரிமம் வேண்டும். முதலில் தோண்டிய 15 மட்டிதான் ஒருவருக்கு. சிறியதைப் போட்டுவிட்டுப் பெரியதைத் தேடக்கூடாது. இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். "அக்டோபரில் வாருங்கள், எந்த இடம் என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறேன்" என்றார் பெரியவர்.

ஆகஸ்ட் முடிந்ததும் கிளம்பிவிடுவார்களாம். செப்டம்பரில் குளிர்காலக் கோதுமை விதைப்பு. விதைப்பு இயந்திரம் ஓட்ட வரச் சொல்லி அண்ணன் மகனே போன் செய்திருக்கிறான். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மா சிரித்தார். அடுத்து வரும் ஹோஸ்ட்டுக்காகப் பெரியவர் ஒரு நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எந்தக் குழாய் ஒழுகும், எந்தச் சக்கரத்தடியில் எத்தனை கட்டை, தக்காளி வைக்க வேண்டாம்.