கட்டங்களுள் அடங்கும் வெப்பம்

வெப்பம் பாயும் வழியைக் கணனித் திரையில் வர்ணமாக்கிக் காட்டுதல் இன்று பொறியியற்பீட மாணவர்க்குக் கைவந்த கலை. ஒரு சுவர் செந்நிறமாகவும் எதிர்ச்சுவர் நீலமாகவும், இடையே வளி சுழன்றெழுவதாகவும் தோன்றும் அப்படம் காண்போரை எளிதில் மயக்கவல்லது. ஆயின் அழகு வேறு, வாய்மை வேறு. பிழையான தரவைக் கொடுத்தாலும் கணனி பெரும்பாலும் ஒரு படத்தை வரைந்தே தீரும். அதுவும் மெய்யான படத்தைப் போன்றே பொலிவுறும். கணிப்பவன் தன் கணிப்பை எவ்வளவுக்கு நம்பலாம்? கணனி தோன்றுமுன்னரே இவ்வினாவைக் கைக்கணக்கால் எதிர்கொண்டவர் லூயி பிறை றிச்சட்சன் (1881–1953) என்னும் ஆங்கிலேயர்.

போரை ஏலாத குவேக்கர் மரபினரான அவர், 1916 முதல் 1919 வரை பிரான்சியப் போர்முனையிற் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் ஊர்தியின் சாரதியாகத் தொண்டாற்றினார். ஓய்வு வாய்த்த வேளைகளில், வைக்கோற் குவியலையே மேசையாகக் கொண்டு வளிமண்டலத்தைக் கணித்தார். வளிமண்டலமும் ஒரு பாயியே. ஞாயிற்றின் வெப்பமே அதனை இயக்குவது. நிலப்பரப்பைச் சதுரங்கப் பலகைபோற் கட்டங்களாக வகுத்து, கட்டந்தோறும் திணிவும் உந்தமும் வெப்பமும் எவ்வாறு மாறும் என எண்களாற் காண்பதே அவர்தம் முறை. இன்றைய மென்பொருள்கள் செய்வதும் சாராம்சத்தில் இதுவே. 1910 மே 20ஆம் நாளின் அவதானங்களைக் கொண்டு, மத்திய ஐரோப்பாவில் ஆறு மணி நேரத்து மாற்றத்தைக் கணிக்க அவருக்கு ஏறக்குறைய ஆறு கிழமை சென்றது. 1917 ஏப்பிரலிற் சம்பாஞ் சமரின்போது தொலைந்த கையெழுத்துப்படி, சில மாதங்களின் பின் பெல்சியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியிற் கிடைத்தது. அவர் கண்ட விடை: அமுக்கம் 145 மில்லிபார் உயரும். கடும் புயலிலும் காணக் கிடையாத மாற்றம் அது. அன்று மெய்யாக அமுக்கம் அசையவேயில்லை எனலாம்.

இத்தோல்வியை அவர் மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட நூலில் எண்ணுக்கு எண் அச்சிட்டார். அந்நூலில் 64,000 கணிப்பாளர் அமர்ந்து உலக வானிலையைக் கணிக்கும் கற்பனை மண்டபமொன்று வருகிறது. பலரும் வியந்து பேசுவது அதனையே. வியக்கவேண்டியது அச்சேறிய அத்தோல்வியல்லவா? அது அச்சேறியமையாலேயே பிற்காலத்தில் பீற்றர் லிஞ்ச் என்பார் அதே கணிப்பை மீளச்செய்து, தொடக்கத் தரவில் காற்றுக்கும் அமுக்கத்துக்குமிடையே இருந்த இசைவின்மையைச் சீராக்கியபோது, விடை நம்பத்தக்க சிற்றளவினதாயிற்று. குற்றம் அடிப்படைச் சமன்பாடுகளிலன்று, தொடக்கத் தரவிலே.

வெப்ப இடமாற்றத்தைக் கணிப்போர்க்கும் முதற்கவலை அதுவே. சுவரின் வெப்பநிலை மாறாதா, அன்றிச் சுவரினூடாகச் செல்லும் வெப்பம் மாறாதா? இரண்டும் ஒன்றல்ல. அடுத்தது, சுவரையொட்டிய மெல்லிய எல்லைப்படை. வெப்பநிலை வீழ்ச்சியின் பெரும்பகுதி அங்கேயே நிகழ்வதால், கட்டங்கள் அங்கு மிக நுண்ணியனவாதல் வேண்டும். முதற்கட்டமே அப்படையிலும் தடித்ததாயின், தனிச்சூத்திரங்களால் ஈடுசெய்தாலன்றி, படம் பொலியும். வெப்பத்தின் அளவோ பிழைக்கும். ஆகவே கட்டங்களைப் பாதியாக்கி மீளக் கணித்தல் வேண்டும். பருங்கட்ட விடையையும் நுண்கட்ட விடையையும் கொண்டு, கட்டம் எல்லையின்றிச் சிறுத்தால் விடை யாதாகும் என மதிப்பிடும் உபாயமும் றிச்சட்சன் தந்ததே. 1994இல் றோச் வகுத்த கட்டச் சுட்டெண் அதன்மேலெழுந்தது.

ஒப்புநோக்கத் தக்க உரைகல்லும் உண்டு. ஒரு சதுரப் பெட்டி. ஒரு பக்கச்சுவர் சூடு, எதிர்ச்சுவர் குளிர், மேலும் கீழும் வெப்பம் புகா. அதனுள் இயல்பாக எழும் வளியோட்டத்தை டி வால் டேவிஸ் 1983இல் நுணுகிக் கணித்து வெளியிட்டார். வெறுங்கடத்தலைப்போல் எத்தனை மடங்கு வெப்பம் செல்கிறது என்பதைக் கூறும் நசெல்ற் எண், இறேலி எண் 1,000 ஆகுகையில் 1.118; பத்து இலட்சமாகுகையில் 8.800. புதிதாய்க் கணிப்போன் இவ்வெண்களை எட்டிய பின்னரே தன் சொந்தச் சிக்கலுக்குச் செல்வது முறை. சூடான சுவர் ஈந்த வெப்பம் முழுதும் குளிர்ந்த சுவரால் வெளியேறியதா என்று கூட்டிப் பார்த்தலும் வேண்டும். கடைக்காரன் இரவிற் கல்லாவை எண்ணுவது போன்றதே இது. கொந்தளிப்பான பாய்ச்சலில் இவையும் போதா. மாதிரிச் சமன்பாடே குறையுடையதாயின், கட்டத்தை எவ்வளவு நுணுக்கினும் பிழையான விடையே நுட்பமாகக் கிடைக்கும். அங்கே பரிசோதனையே நடுவர்.

1920இல் வானிலை அலுவலகம் விமானப்படை அமைச்சின்கீழ்ச் சென்றபோது றிச்சட்சன் அதிலிருந்து விலகினார். அவர் கனவு 1950இல் எனியாக் கணனியால் அமெரிக்காவில் நனவாயிற்று. அவ்வரைபடங்கள் முதுமையில் அவரை வந்தடைந்தபோது மனமாரப் பாராட்டினார். ஆயினும் சோதியாது விடவில்லை. மறுநாளின் மெய்யான வரைபடத்தை ஒத்திருப்பது கணித்த படமா, முதல்நாட் படமா என மனைவியிடம் வினவினார். கணித்த படமே, ஆனாற் சற்றே, என்பது அம்மையாரின் தீர்ப்பு. அதனையும் அவர்களுக்கு எழுதியனுப்பினார்.