வலிக்காத புண்

மரக்காணத்தில் உப்பளம் பார்க்கப் போனேன். பார்த்துவிட்டு வந்ததோ கால் விரல்களை!

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இரண்டடி வைத்ததுமே வழுக்கிற்று. உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சிரித்துவிட்டாள்.

"விரலை ஊனி நடங்கம்மா!"

அவள் பாதத்தைப் பார்த்தேன். ஐந்து விரல்களும் அகல விரிந்து சேற்றைப் பற்றியிருந்தன.

"எங்க மாமியாராலே இப்படி ஊன முடியாது. விரலெல்லாம் மடங்கிப் போச்சு. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாம நடக்கும். வயசாச்சில்லே?"

"ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா?"

"வலியே இல்லையே, எதுக்கும்மா ஆஸ்பத்திரி?"

எனக்குச் சுருக்கென்றது. சர்க்கரை வியாதிக்காரியான என் அம்மாவின் விரல்களும் அப்படித்தான் மடங்கியிருந்தன. நானும் வயதின் கோளாறு என்றே எண்ணியிருந்தேன். மாமியாரை உடனே டாக்டரிடம் காட்டும்படி அவளிடம் வற்புறுத்திச் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

அன்றிரவே அம்மாவின் காலை மடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது விரல் நுனியில் புண்! "வலிக்கலையேடி, அதான் சொல்லலே" என்றாள்.

மறுநாள் டாக்டர் விளக்கினார். பாதத்துக்குள்ளேயே சுமார் இருபது சிறு தசைகள் இருக்கின்றன. விரலை நீட்டித் தரையில் படிய வைப்பவை இவைதாம். முழங்காலுக்குக் கீழிருந்து வரும் பெரிய தசைகளோ, நீண்ட நாண்களால் விரலை இழுப்பவை. உள்கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் நரம்பு கெட்டால் சிறு தசைகள் செயலிழக்கும். அப்புறம் பெரியவற்றின் இழுப்புக்கு எதிர்ப்பு ஏது? விரலின் அடி மேலே எழும்பும். நுனி பருந்தின் நகம் போல் கீழே வளையும். உடல் பாரம் அந்த நுனியில் விழும். உள்ளங்காலுக்கு உணர்ச்சி தருவதும் அதே நரம்புதான். ஆகவே புண் வந்தாலும் தெரியாது. சர்க்கரை வியாதி, தொழுநோய் இரண்டுமே இந்த நரம்பைக் கெடுக்கக் கூடியவை.

1947-ல் செங்கற்பட்டுத் தொழுநோய் விடுதியில் மடங்கிய கைகளைக் கண்டு மனம் பொறுக்காத டாக்டர் பால் பிராண்ட், பிறகு வேலூரில் நல்ல தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்திக் காட்டினார். கால் விரலுக்கும் அத்தகைய சிகிச்சை உண்டு. மடக்கும் நாணையே விரலின் மேற்புறம் திருப்பி, நிமிர்த்தும் நாணாக்கி விடுகிறார்கள்! ஆனால் போன உணர்ச்சி அதனால் திரும்பாது. கண்ணால்தான் காலைக் காக்க வேண்டும்.

அம்மாவுக்குப் புண் ஆறிவிட்டது. இப்போது தினமும் படுக்குமுன் அவள் பாதங்களை விளக்கடியில் பார்க்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கால்களையும் இன்றிரவு பாருங்கள். வலிக்கவில்லை என்று அவர்கள் சொன்னாலும் பாருங்கள்.