பாஸ்புக்கைச் சந்தேகப்பட்டேன்

எங்கள் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கடன் கணக்குக்கு டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்தவன் நான். அந்தக் கணக்கு பிசகியதற்கும், பிசகிய கணக்கை நம்பி ஓர் உறுப்பினரைச் சந்தேகப்பட்டதற்கும் நானே பொறுப்பு.

மைஎஸ்க்யூஎல்லைத் தேர்ந்து, அதில் மைஐஸாம் என்ற சேமிப்பு எஞ்சினைப் போட்டேன். வேகமானது என்றார்கள். சில நூறு பேரின் கணக்குக்கு அத்தனை வேகம் எதற்கு என்று யோசிக்கவில்லை. 2010-இல் மைஎஸ்க்யூஎல்லின் 5.5 பதிப்பு வந்தபோது இன்னோடிபி என்ற வேறொன்று இயல்பான எஞ்சின் ஆயிற்று. பதிப்பை உயர்த்தினேன், பழைய அட்டவணைகளும் மாறினவா என்று சரிபார்க்கவில்லை; அவை தாமாக மாறுவதில்லை.

தவணை கட்டினால் ரசீது அட்டவணையில் ஒரு வரி ஏற வேண்டும். கடன் அட்டவணையில் நிலுவை குறைய வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக் கூடாது. அதற்குத்தான் டிரான்ஸாக்‌ஷன். அந்தக் கட்டளைகளை நிரலில் எழுதித்தான் இருந்தேன். மைஐஸாம் அவற்றைப் பிழை காட்டாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது. ஒரு மாலை ஒரு தவணையைப் பதியும்போதே கரண்ட் போய் அலுவலகக் கணினி அணைந்தது. ரசீது ஏறியிருந்தது, நிலுவை குறையவில்லை.

அந்தத் தவணையைக் கட்டிய அக்கா பாஸ்புக்கோடு வந்தார். தவணைக்கு நேரே குழுத் தலைவியின் கையெழுத்து இருந்தது. "கம்ப்யூட்டர்ல பாக்கி காட்டுதே அக்கா, நிஜமா கட்டினீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் முகம் சிவந்துபோனது. ரசீது அட்டவணையைத் திறந்திருந்தால் அவர் கட்டிய பணம் அங்கேயே பதிவாகியிருப்பது தெரிந்திருக்கும். கையெழுத்தைவிடத் திரையை நம்பினேன். என் வேலையில் பிழை இருக்கும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. அதுதான் பெரிய தவறு.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டேன். அட்டவணைகளை இன்னோடிபிக்கு மாற்றினேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை வைத்திருந்தாலும் சரி, ஒரே கணினியில் ஓடும் சிறு அலுவலகத்துக்கு ஒற்றைக் கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் வைத்திருந்தாலும் சரி, இது நேர்ந்திருக்காது. மூன்றுமே டிரான்ஸாக்‌ஷனை மதிப்பவை. பணம் பதியும் இடத்தில் டேட்டாபேஸிடம் முதலில் கேட்க வேண்டியது வேகத்தை அல்ல, இதைத்தான். பதிவு நடக்கும்போதே மின்சாரத்தை நிறுத்திச் சோதித்திருக்க வேண்டும்; பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் இப்போது செய்கிறேன்.

யாராவது கணக்கு தப்பு என்று வந்தால், முதலில் என் அட்டவணைகளைத்தான் விசாரிக்கிறேன்.