மகனின் விண்ணப்பத்தில் நான் செய்தது

என் மகன் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, 'நீங்கள் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறிக்கச் சொன்னவன் நான். அதில் பொய் இல்லை. என் மனைவி டெக்சஸின் தெற்குக் கோடியில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய ஊரில் பிறந்தவள். அவளுடைய தாத்தா பாட்டி மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அமெரிக்க அரசின் அப்போதைய விளக்கப்படி கியூபா, மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, தென், மத்திய அமெரிக்கா என்று எந்த ஸ்பானிஷ் பண்பாட்டு வழி வந்தவரும், இனம் எதுவானாலும், ஹிஸ்பானிக்தான். நம் ஊர்ச் சாதிச் சான்றிதழ் மாதிரி தாசில்தார் கையெழுத்தெல்லாம் வேண்டாம். விண்ணப்பிப்பவர் சொல்வதுதான் கணக்கு.

என் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

மகன் பேசத் தொடங்கிய வயதில் மாமியார் அவனை ஸ்பானிஷில்தான் கொஞ்சுவார். நான் தடுத்தேன். தமிழும் ஆங்கிலமும் போதும், மூன்றாவது மொழி பிள்ளையைக் குழப்பிவிடும் என்றேன். மனசுக்குள் இருந்த காரணம் அதுவல்ல. என்னோடு வேலை பார்த்த நம்மவர்கள் மெக்சிகோக்காரர்களைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். புல் வெட்டுகிறவர்கள், கூரை போடுகிறவர்கள் என்ற அந்த இளக்காரம் என் பிள்ளை மேல் விழக்கூடாது என்று நினைத்தேன்.

மாமியார் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் 1950களின் கடைசியில் பள்ளிக்குப் போனவர். டெக்சஸில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று 1918இல் சட்டம் போட்டிருந்தார்கள். பள்ளிக்குள் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளுக்கு அடி விழும், அவரும் வாங்கியிருக்கிறார். 1969இல்தான் அந்த நிலைமை சட்டப்படி மாறியது. பள்ளிக்கூடம் அவருக்குச் செய்ததை, பேரனைச் சாக்காக வைத்து நான் மறுபடி செய்தேன்.

2018இல் பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிரான சேர்க்கை வழக்கின் விசாரணை நடந்தது. ஆசிய மாணவர்களுக்கு 'ஆளுமை' மதிப்பீட்டில் குறைத்துப் போடுகிறார்கள் என்பது வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். எங்கள் வட்டத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு. 2021இல் மகன் விண்ணப்பம் நிரப்பினான். முதல் கேள்வி ஹிஸ்பானிக்கா என்பது, அடுத்தது இனம். இரண்டாவதில் அவன் 'ஆசியர்', அதன் கீழே 'இந்தியா' என்று குறித்திருந்தான். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதை எடுத்துவிடச் சொன்னேன்.

"அப்பா, நீங்க ஆசியர்தானே?"

"கட்டாயம் இல்லடா. காலியா விடலாம்."

காலியாக விடலாம் என்பது உண்மைதான். கல்லூரிகள் அரசுக்குக் கொடுக்கும் புள்ளிவிவரத்தில், ஹிஸ்பானிக் என்று குறித்தவர் வேறு எதைக் குறித்திருந்தாலும் ஹிஸ்பானிக் கணக்கில்தான் வருவார். ஆனால் விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் இரண்டும் படுமே என்று பயந்தேன். அவன் பெயருக்குப் பின்னால் என் தமிழ்ப் பெயர் முழுசாக நின்றுகொண்டிருந்தது. அப்படியும் எடுக்கச் சொன்னேன்.

அதோடாவது விட்டிருக்கலாம். கட்டுரைக்குத் தமாலே பற்றி எழுதச் சொன்னேன். மக்காச்சோள மாவை மக்காச்சோள மடலில் தடவி, உள்ளே இறைச்சி வைத்து மடித்து, ஆவியில் வேகவைப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் மாமியார் வீட்டில் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்வது வழக்கம். நான் ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவேன், பல தடவை மகனையும் கூட்டிக்கொண்டு. அந்த மேசையைப் பற்றி அவனால் என்ன எழுத முடியும்? ஒரு பத்தியை நானே எழுதிக் கொடுத்தேன். பாட்டி மடலின் சொரசொரப்பான பக்கத்தில் மாவைத் தடவுவதாக எழுதியிருந்தேன். மனைவி படித்துவிட்டு, வழவழப்பான பக்கத்தில்தான் தடவுவோம், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லை மாற்றி அனுப்பினோம்.

இடம் கிடைத்தது. உழைப்புக்குக் கிடைத்ததா, ஹிஸ்பானிக் என்று குறித்ததற்குக் கிடைத்ததா என்று அவனுக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தை அவன் தலையில் கட்டியவன் நான். லத்தீனோ மாணவர் சங்கத்தில் கூப்பிட்டபோது, ஸ்பானிஷ் தெரியாமல் எந்த முகத்தோடு போவது என்றான். இந்திய மாணவர்கள் பக்கமும் அவன் போகவில்லை.

2023 ஜூன் 29 அன்று, அந்த ஹார்வர்டு வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார். இனிப் பாரமெல்லாம் கட்டுரை மேல்தான். என்னைப் போன்ற அப்பாக்களின் கை அங்கே நீளும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னிடம் எதற்கு, அவனிடம் கேள் என்றார். மகனிடம் கேட்டபோது, 'அந்தப் பத்தியை என் பெயரில் அனுப்பியவன் நான், எனக்கும் பங்கு இருக்கிறது' என்றான். அதை அனுப்பியபோது அவனுக்குப் பதினேழு வயது. அவன் பங்கு என்று அதில் எதுவும் இல்லை.