கடைசி பெஞ்சிலிருந்து: இரிங்கா குறிப்புகள்

பள்ளிக்கூட மணி என்று தனியாக எதுவும் இல்லை. முற்றத்து மரக்கிளையில் பழைய லாரி சக்கரத்தின் ரிம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பையன் இரும்புத் துண்டால் தட்டினால் அடுத்த குன்றுவரை கேட்கிறது. அதற்கு முன்பே பிள்ளைகள் வந்து முற்றத்தைப் பெருக்கி முடித்துவிடுகிறார்கள். ஈர மண்ணில் விளக்குமாறு போட்ட கோடுகள், அவற்றின் மேல் சின்னச் சின்னப் பாதங்கள்.

வகுப்புக்குள் போனதும் 87 பேர் ஒரே மூச்சில் எழுந்து "ஷிக்காமோ, ம்வாலிமு" என்றார்கள். ம்வாலிமு என்றால் ஆசிரியர். ஷிக்காமோ, பெரியவர்களுக்குச் சிறியவர்கள் சொல்லும் வணக்கம். 'உங்கள் பாதத்தைப் பற்றுகிறேன்' என்பதுதான் அதன் வேர்ப்பொருள் என்கிறார்கள். "மரஹபா" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவரை பிள்ளைகள் உட்காரவில்லை, காத்து நின்றார்கள். 33 வருஷம் "வணக்கம் டீச்சர்" கேட்ட காதுக்கு அந்தக் காத்திருப்பு புதிதாக இருந்தது.

*

தான்சானியாவின் தெற்கு மேட்டு நிலம். தார் எஸ் சலாமிலிருந்து இரிங்கா நகரம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு முழுப் பகல். நடுவில் மிக்குமி தேசியப் பூங்காவை ஊடறுத்தே சாலை போகிறது. ஜன்னலோரம் வரிக்குதிரைகள் மேய்கின்றன. அதன்பின் கிட்டோங்கா மலைப்பாதை ஏற்றம். நகரத்திலிருந்து கிராமத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம், டாலாடாலா என்கிற வேனில். ஜூன், ஜூலையில் குளிர் எலும்பைத் தொடும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டரோடு போனேன். ஊர்க்காரர் ஒருவர் கனத்த துணி ஒன்றைப் போர்த்திவிட்டு "போலே" என்றார்.

போலே. இந்த ஒரு சொல்லுக்காகவே சுவாஹிலி படிக்கலாம். கால் இடறினால் பக்கத்தில் இருப்பவர் "போலே" என்பார். காய்ச்சல் என்றாலும் போலே, வீட்டில் சாவு என்றாலும் போலே. வெயிலில் மண்வெட்டி பிடிப்பவரைக் கடந்து போகும்போதும் "போலே ந காஸி". உன் பாடு எனக்குத் தெரிகிறது என்பதுபோல. தமிழில் இதற்குச் சரியான சொல்லைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

*

நான் வந்தது ஒரு கன்னியாஸ்திரி வழியாக. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பக்கத்து ஊரில் அவருடைய சபை ஒரு மருந்தகம் நடத்துகிறது. இங்கே 19 வருஷமாக இருக்கிறார். எங்கள் பள்ளி அரசுப் பள்ளி. என் விசா, தங்கும் அனுமதி, கல்வி அலுவலகக் கடிதம் எல்லாம் அவர் அலைந்து வாங்கியது. தொண்டு என்றாலும் சும்மா போய் வகுப்பில் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது.

முதல் இரவு சோறு போட்டுவிட்டுச் சொன்னார்: "டீச்சர், ஒரு மாசம் சாக்பீஸைத் தொடாதீங்க. கடைசி பெஞ்சுல உக்காந்து பாருங்க."

"பாடம் எடுக்கத்தானே சிஸ்டர் வந்தேன்?"

"எடுக்கலாம். யார் கையிலேருந்து வாங்கி எடுக்குறோம்னு முதல்ல பாத்துக்கலாம்."

*

கடைசி பெஞ்சு, முதலாம் வகுப்பு. ஆசிரியைக்கு நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் நூறுக்கு மேல். ஒவ்வொருவரிடமும் ஒரு துணிப்பை, உள்ளே சோடா பாட்டில் மூடிகள். ஆணியால் நடுவில் ஓட்டை போட்டு, பத்துப் பத்தாக நூலில் கோத்தவை சில, உதிரியாகச் சில. எங்கள் ஊரில் புளியங்கொட்டை செய்த வேலை.

42-இலிருந்து 17. நான்கு சரம், இரண்டு மூடி. ஏழு எடுக்க முடியாது. முன் பெஞ்சுப் பெண் ஒரு சரத்தின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பத்து மூடியும் பலகையில் கொட்டின. இப்போது பன்னிரண்டு. ஏழை ஒதுக்கினாள், ஐந்து. ஒரு சரத்தைத் தூக்கிப் பைக்குள் போட்டாள், மீதி இரண்டு. "இஷிரீனி ந டானோ." இருபத்தைந்து.

ஆசிரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி வரிசைவரை முடிச்சுகள் அவிழும் நேரம் மட்டும் நின்றார். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று நான் வருஷக்கணக்காகப் பலகையில் எழுதி, மேலே ஒரு குட்டி 1 போட்டு விளக்கியதை, அந்தக் குழந்தை பல்லால் அவிழ்த்துக் காட்டினாள். அன்று நோட்டில் வேறு எதுவும் எழுதவில்லை.

*

நேரம். இங்கே மணிக்கணக்கு சூரியோதயத்தில் தொடங்குகிறது. காலை ஏழு மணி 'சா மோஜா', அதாவது முதல் மணி. தலைமை ஆசிரியர் கூட்டம் 'சா நானே' என்றார். நானே என்றால் எட்டு. காலை எட்டுக்குப் போய்விட்டேன். கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு, பகலின் எட்டாம் மணி. எங்கள் தாத்தா உதயாதி நாழிகை என்று பகலை எண்ணியதும் இதே கணக்கில்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் அநேகமாக ஒரே நேரத்துக்கு உதிப்பதால் இங்கே அந்தக் கணக்கு பிழைத்துக் கிடக்கிறது.

*

பிள்ளைகள் என்னை ம்ஹிண்டி என்றார்கள், இந்தியர். "உங்கள் டுக்கா எங்கே?" என்று கேட்டான் ஒரு பொடியன். டுக்கா என்றால் கடை. நகரத்தில் அவர்கள் பார்த்த இந்தியர் எல்லாம் கடைக்காரர்கள். அந்தச் சொல்லே குஜராத்தி வணிகர்கள் பேசிய 'துக்கான்' என்பதன் உறவுதான். லட்சத்துக்கு லாக்கி, வண்டிக்கு காரி, ஆட்டோவுக்கு பஜாஜி. கடை இல்லை, நானும் ம்வாலிமுதான் என்றேன். நம்பச் சில வாரம் ஆனது.

*

மதியச் சாப்பாடு மக்காண்டே. மக்காச்சோளமும் பீன்ஸும் மணிக்கணக்கில் வெந்த கூட்டு. தானியம் பெற்றோர் தருவது, தலைக்கு ஒரு டேபே. டேபே என்பது 20 லிட்டர் தகர டின், நம் டப்பாவின் உறவுக்காரன். விறகு பிள்ளைகள் கொண்டு வருவது, காய் பள்ளித் தோட்டத்திலிருந்து.

பிப்ரவரி, மார்ச்சில் வீட்டுக் குதிர் காலியாகிவிடும். புதுச்சோளம் மே மாதத்துக்கு மேல்தான். டேபே தராத வீட்டுப் பிள்ளைகள் அந்த மாதங்களில் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடிக்கு நகர்ந்து போவதைப் பார்த்தேன். யாரும் போகச் சொல்லவில்லை, அவர்களாகவே போனார்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை தன் தட்டோடு அந்த மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கை பிட்டுக் கொடுத்தார். தினமும். சத்துணவுக் கூடத்தில் வருகைப் பதிவேடு பார்த்துக் கையெழுத்துப் போட்டே என் காலம் போயிருக்கிறது. அரசாங்கமே அடுப்பு மூட்டுவது எத்தனை பெரிய காரியம் என்று இந்த மரத்தடியில்தான் உறைத்தது.

*

ஏப்ரல். வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு இளைஞர்கள், மூன்று வாரத்துக்கு. நல்ல பிள்ளைகள், கையில் காசு கட்டி வந்திருக்கிறார்கள். நான்காம் வகுப்பை அவர்களிடம் கொடுத்தார்கள். முதல் நாள் நிறங்களின் ஆங்கிலப் பெயர், இரண்டாம் நாள் தலை, தோள், முழங்கால் பாட்டு. வகுப்பே உற்சாகமாகப் பாடியது. பாடாமல் இருக்குமா? அதே நிறம், அதே பாட்டு, அதற்கு முன் வந்த குழுக்களிடமும் படித்தாயிற்று என்று வகுப்பு ஆசிரியர் சொன்னார். மூன்று வாரமும் அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பின்னம் அத்தியாயம் அப்படியே நின்றது.

அவர்கள் போன திங்கட்கிழமை, ஒரு சின்னப்பெண் கேட்டிலேயே நின்றிருந்தாள். கையில் பச்சை மணி கோத்த வளையல், யாரோ ஒரு அக்கா போட்டுவிட்டது. அந்த அக்கா திரும்ப வருவாளா என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

இப்படி அனுப்பும் ஒரு அமைப்பு முதலில் என்னிடமும் பேசியது. எவ்வளவு நாள், எவ்வளவு கட்டணம் என்றுதான் கேட்டார்கள். என்ன பாடம் தெரியும், எந்த மொழி தெரியும் என்ற கேள்வி கடைசிவரை வரவில்லை. எனக்குக் கோபம் அந்த இளைஞர்கள் மேல் இல்லை. வருஷம் முழுக்க இருக்கப் போகிற ஆசிரியரை வராந்தாவுக்கு அனுப்பும் ஏற்பாட்டின் மேல்தான். பிள்ளைகள் கண்ணெதிரே அவருடைய மதிப்பை இறக்கிவிட்டு, நாம் எதை ஏற்றிவிட முடியும்?

*

பிரம்பு. தான்சானியாவில் சட்டம் இன்னும் அனுமதிக்கிறது. தலைமை ஆசிரியர் அல்லது அவர் சொன்னவர், 4 அடிக்கு மேல் கூடாது. அந்தச் சத்தம் கேட்ட நாள் நான் வெளியே போய்விட்டேன். தடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது ஒரு காரணம். எண்பதுகளின் கடைசியில் என் மேசையிலும் ஒரு பிரம்பு இருந்தது என்பது இன்னொன்று. மாலையில் அந்த ஆசிரியரிடம் இதைத்தான் சொன்னேன், அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நான் அடித்த ஒரு பையனின் முகம் இன்றும் நினைவிருக்கிறது என்றேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு தான் வாங்கிய அடிகளைப் பற்றிப் பேசினார்.

*

ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தன் வாசலில் முக்காலி போட்டுச் சொன்ன கதை: 1974-இல், 1977 முடிவதற்குள் எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கு வந்துவிட வேண்டும் என்று ஜூலியஸ் நைரேரேயின் கட்சி தீர்மானித்தது. அத்தனை பிள்ளைகளுக்கு ஆசிரியர் எங்கே? ஏழாம் வகுப்பு முடித்தவர்களையே எடுத்தார்கள். இவருக்கு அப்போது 17 வயது. பகலில் சின்ன வகுப்புக்குப் பாடம், மற்ற நேரம் வானொலியும் தபால்வழிப் பாடமும் வைத்துத் தன் படிப்பு. "பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முன்னால் நான் ஓடிக்கொண்டிருந்தேன்" என்றார்.

நைரேரேயும் அரசியலுக்கு வரும் முன் பள்ளி ஆசிரியர். அதிபரான பிறகும் நாடு அவரை ம்வாலிமு என்றே அழைத்தது. அலுவலகச் சுவரில் அவர் படம் இன்றும் இருக்கிறது. 'சுயசார்புக் கல்வி' என்று 1967-இல் அவர் எழுதியதன் மிச்சம்தான் எங்கள் பள்ளித் தோட்டம். அந்த ஏழாம் வகுப்பு வாத்தியார்களைத் தரமில்லாதவர்கள் என்று பின்னால் குறை சொன்னவர்கள் உண்டு. அவர் வாசலைக் கடக்கும் ஒவ்வொருவரும் நின்று ஷிக்காமோ சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

*

இப்போது நான் வந்த காரியம்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை எல்லாப் பாடமும் சுவாஹிலியில். ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். மேல்நிலையில், முதல் படிவத்தில் காலடி வைத்ததும், சுவாஹிலி மொழிப்பாடம் போன்ற சிலவற்றைத் தவிர எல்லாம் ஆங்கிலம். அறிவியல், கணக்கு, வரலாறு, தேர்வு, எல்லாம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண், உயரமாக, எப்போதும் சுவரோரம். ஒளிச்சேர்க்கையைச் சொல்லச் சொன்னார் ஆசிரியர். சுவாஹிலியில் 'உசானிசினூரு'. உசானிசி என்றால் தொகுப்பது, நூரு என்றால் ஒளி. நம் சொல்லைப் போலவே கட்டிய சொல். வெளியே சோளச் செடியைக் காட்டி, வேர் தண்ணீர் குடிப்பது, இலை காற்றை வாங்குவது, வெயில் சமைப்பது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நிழலில் நிற்கும் செடி ஏன் வெளிறுகிறது என்பதையும் கேட்காமலே சொன்னாள்.

அடுத்த பாடவேளை ஆங்கிலம். அதே செடியைப் பற்றி இரண்டு வாக்கியம். எழுந்தாள். உதடு அசைந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு உடம்பு ஒருமுறை நடுங்கியது. 1979, கல்லூரி முதல் வருஷம். பதினொன்றாவதுவரை தமிழில் முதல் மாணவியாக வந்தவள், இயற்பியல் வகுப்பில் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. முடுக்கம், உந்தம், நிலைமம் எல்லாம் தெரியும். அவற்றின் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. புத்தகத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். விடுதியில் பக்கத்து அறைக்காரி அதைப் பார்த்துவிட்டுப் போய் நாலு பேரிடம் சொன்னாள். அன்று இரவே எல்லாவற்றையும் அழித்தேன். தாள் கிழிந்தது.

*

அந்த வாரமே ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரோடு உட்கார்ந்தேன். என் சுவாஹிலி அரைகுறை, அவருடைய ஆங்கிலம் கொஞ்சம் தயங்கும். இரண்டும் சேர்ந்தால் போதும் என்று தோன்றியது. ஒரு நீளநோட்டு. இடப்பக்கம் சுவாஹிலிச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் ஒரு படம். கையெழுத்து முழுக்க அவருடையது. அவர்தான் பாடம் எடுக்கப் போகிறவர்.

தேடத் தேட எனக்கே உற்சாகம். முக்கோணம் 'பெம்பேடாட்டு'. பெம்பே மூலை, டாட்டு மூன்று. பெம்பே என்றால் கொம்பு, தந்தம் என்றும் பொருள். நாற்கரம் 'பெம்பென்னே'. ஆங்கிலச் சொல்லைக் கேட்டுக் குழந்தைக்குள் எந்தப் படமும் எழாது. பெம்பேடாட்டு என்றதும் மூன்று மூலையும் முன்னால் நிற்கும். அந்த நிற்கும் படத்தின் மேல் ஆங்கிலப் பெயரை ஒட்டிவிட்டால் போதும், முதலிலிருந்து எதையும் கட்ட வேண்டியதில்லை.

தினம் ஐந்து சொல், வகுப்பு முடியும் முன். செப்டம்பரில் தேர்வு வந்தபோது நோட்டில் 412 சொற்கள். நான் பலகையருகே நின்றது மொத்தமாகப் பதினைந்து நாள்கூட இருக்காது. மற்ற நாளெல்லாம் கடைசி பெஞ்சு, அல்லது மாலையில் ஆசிரியர் அறை.

*

அக்டோபரில் கிளம்பினேன். விழா வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை பத்து மூடி கோத்த சரம் ஒன்றை என் பையில் போட்டார்.

பிப்ரவரியில் அறிவியல் ஆசிரியர் போனில் ஒரு படம் அனுப்பினார். அந்தச் சுவரோரப் பெண் முதல் படிவத்தில் சேர்ந்துவிட்டாள். எங்கள் நோட்டை அவள் தன் கையால் பிரதி எடுத்திருக்கிறாள். இடப்பக்கம் சுவாஹிலி, நடுவில் படம், வலப்பக்கம் ஆங்கிலம். அதற்கும் அப்பால், நாங்கள் போடாத ஒரு பத்தி. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பையும் சுவாஹிலி எழுத்துக்கூட்டில் எழுதியிருக்கிறாள். பென்சிலில் இல்லை, நீல மையில். முக்கோணத்துக்கு நேரே 'ட்ராயெங்கோ'.