கன்னத்துச் சிலந்தி

பெண் தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் வந்துவிட்டால் தாயாருக்குக் கண்ணெல்லாம் அவள் மேல்தானே? போன வருஷம் வளைகாப்பு, சீமந்தம் முடிந்து, கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் என் பெண் திருவண்ணாமலைக்கு வந்து இறங்கினாள். தீபத்துக்கு மறுநாள் காலையில் அவளுக்குத் தலை பின்னும்போதுதான் பார்த்தேன். இடது கன்னத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு சிவப்புப் புள்ளி; அதைச் சுற்றி மயிரிழை போலச் சிவப்புக் கோடுகள். அசல் எட்டுக்கால் பூச்சி!

பக்கத்து வீட்டுப் பாட்டி தீர்ப்பே சொல்லிவிட்டாள். "தூங்கறப்போ சிலந்தி நீர் விட்டிருக்கும். வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசுடி."

மூன்று நாள் பூசினோம். கன்னம் மஞ்சளாயிற்று; சிவப்பு அசையவில்லை.

மாதப் பரிசோதனைக்குப் போனபோது லேடி டாக்டரிடம் காட்டினேன். அவர் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றை அதன் மேல் வைத்து அழுத்தினார். புள்ளி மாயமாக மறைந்தது. கையை எடுத்ததும் முதலில் நடுப்புள்ளி சிவந்தது. பிறகு அங்கிருந்து கால் காலாக ரத்தம் ஓடிப் பரவியது.

"இதுக்குப் பேர்தான் சிலந்தி, பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தோலுக்கு அடியிலே ஒரு பொடி ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கு. கால் மாதிரி தெரியறதெல்லாம் அதோட கிளைகள். கர்ப்ப காலத்திலே ஈஸ்ட்ரோஜன் சுரப்பு அதிகமாறதாலே வரும். பிரசவத்துக்கப்புறம் பெரும்பாலும் தானே மறைஞ்சுடும். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்குக்கூட ஒண்ணு ரெண்டு இருக்கும்" என்றார்.

எழுந்திருக்கப் போனோம். அடுத்த வார்த்தை என்னை உட்கார வைத்துவிட்டது.

"ஆனா ஆம்பளைகளுக்கு மார்பிலே, தோளிலே இது நிறைய வந்தா ஈரலைச் சோதிச்சுப் பார்க்கணும். இந்தச் சுரப்பு அவங்க உடம்பிலேயும் கொஞ்சம் உண்டு. அதைக் கழிக்கிறது ஈரல்தான். ஈரல் கெட்டா அது தேங்கிப்போயிடும்."

எனக்குப் பகீரென்றது. என் அண்ணா! வெறும் மேல்துண்டோடு அவன் திண்ணையில் உட்காரும்போது, மார்பில் ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகளை இரண்டு கோடைகளாகப் பார்த்திருக்கிறேன். வேர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் அரைத்துக் கொடுத்தவளே நான்தான்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

"நான் காபியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லையே! எனக்கு ஏது ஈரல் வியாதி?" என்று சிரித்தான். நான் கண்ணீர் விட்ட பிறகுதான் கிளம்பினான்.

சோதனையில் தெரிந்தது, ஹெபடைடிஸ் பி என்னும் வைரஸ். எத்தனையோ வருஷங்களாகச் சத்தமில்லாமல் ஈரலை அரித்துத் தழும்பாக்கியிருந்தது. குடிக்காதவருக்கும் ஈரல் சுருங்கும் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. இப்போது தினம் மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். மன்னிக்கும் குழந்தைகளுக்கும் ரத்தம் சோதித்துத் தடுப்பூசியும் போட்டாயிற்று.

தையில் பேரன் பிறந்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இதே நோய்க்கான முதல் ஊசியைப் போட்டார்கள். அவன் வீல் என்று அலறினான். என் மனசு மட்டும் குளிர்ந்தது. அவன் குப்புற விழுவதற்குள் என் பெண்ணின் கன்னத்துச் சிலந்தியும் போன இடம் தெரியவில்லை.

அண்ணாவின் மார்பில் இருப்பவை மறையவில்லை. இரண்டு வருஷம் முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்று என் மனசு அடித்துக்கொள்கிறது. சகோதரிகளே, வீட்டு ஆண்கள் துண்டை உதறிப் போடும்போது ஒரு தரம் நன்றாகப் பாருங்கள். சந்தனம் அரைப்பது அப்புறம் ஆகட்டும்.